முப்பது விழுக்காடு கூட

உல்ம் நகரில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில்
கைத்துப்பாக்கியை இடுக்கியில் பூட்டுகிறேன்.
வெளியே வந்து இரும்புக் கதவைச் சாத்துகிறேன்.
கயிற்றை இழுக்கிறேன்.
சுட்டவர் யாருமில்லை. சுடப்பட்டவரும் இல்லை.
ஒரு மணல்பெட்டி மட்டும்
எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது.

இரண்டே இரண்டு தோட்டாக்கள்.
வழக்கமான அழுத்தத்தைவிட முப்பது விழுக்காடு கூட.
தாங்கினால் குழலில் கடுகளவு முத்திரை.
தாங்காதது மரப்பெட்டிக்குப் போகும்:
வாழைப்பூ மடல்போல் வாய்விரிந்த எஃகு.
புதிதாக வருகிறவர்களுக்கு
முதலில் அந்தப் பெட்டியைத்தான் காட்டுவோம்,
பிறகுதான் கழிப்பறை எங்கே என்று.

செவ்வாய்க்கிழமை ஹெர் ஷ்டைக்லே வந்தார்.
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.
பூட்டிய பெட்டிக்குள், மகனின் பழைய கால்சட்டைத் துணியில் சுற்றி,
என் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்று.
குழல் மூன்று அங்குலம்.
சட்டத்தில் ஒரு மயிரிழை விரிசல்.

என் மொழியில் சட்டம் என்றால் இரண்டு.
அவருடையதில் இரண்டுமே விரிசல்.
நண்பர் ஒருவர் கொடுத்தாராம்,
கூட்டல்குறி போட்ட பெட்டி.
"கொஞ்சம் வேகமானது, அவ்வளவுதானே?"

சுட்டுத் தீர்ந்த கூடுகளையும் கொண்டுவந்திருந்தார், நல்லவேளை.
விளக்கருகே ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.
பின்பக்கத்து மூடி அப்பளம்போல் தட்டை,
ஊசி குத்திய இடம் எரிமலை வாய்.
ஒன்றுக்கு இடுப்பில் தொந்தி.
பித்தளை பொய் சொல்லாது.
அதற்குச் சொல்லத் தெரிந்ததும் அவ்வளவே.

சொன்னேன்: பெரிய துப்பாக்கியில்
இந்தத் தோட்டா ஒரு தோள்குலுக்கல்.
இதிலோ மேல்மூடி லேசு, ஸ்பிரிங் குட்டை,
ஓடிவந்து சுவரில் முட்டுகிறது,
ஒவ்வொரு தடவையும், அதே இடத்தில்.
கையேட்டின் பதினான்காம் பக்கத்தில்
'வேண்டாம்' என்று இருக்கிறது, பாருங்கள்,
தடித்த எழுத்தில்.

அவர் கையேட்டைப் பார்க்கவில்லை.
குழலைத் திருப்பி முத்திரையில் நகத்தை வைத்தார்.
"இது உங்களுடையதுதானே?
முப்பது கூட வைத்துச் சுட்டீர்கள். தாங்கியது.
நான் வைத்தது பதின்மூன்றுதான்."

கணக்குச் சரி.
பேருந்து ஓட்டியவர்கள் கணக்கில் தவறுவதில்லை.
எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.
காபி இயந்திரம் இருமி முடிக்கும்வரை நின்றேன்.

"இரண்டு முறை தாங்கியது, ஹெர் ஷ்டைக்லே.
நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.
ஞாயிறுதோறும் தாங்குவாயா என்று
யாரும் அதைக் கேட்கவில்லை."

விரிசலை ஒருமுறை தடவினார்.
"எத்தனை தோட்டா சுட்டீர்கள்?"
"நூற்றிருபது. கடைசி நாலு மோசமாக உதைத்தன."
"அப்போதே நிறுத்தியிருக்கலாம்."
"பெட்டியில் மீதம் இருந்ததே."

வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி.
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
சட்டம் மாற்ற இயலாது. இனிச் சுடக்கூடாது.
அடுத்தது வாங்கினால் சாதாரணத் தோட்டாக்கள்,
தயாரிப்பாளர் சொன்ன எண்ணிக்கை வந்ததும்
ஸ்பிரிங்கை மாற்றவும், தேய்ந்ததோ இல்லையோ.
மீந்த பெட்டியை எங்களிடம் ஒப்படைக்கவும்.
கையொப்பம்: க. சுடர்மதி.

போகும்போது கேட்டார்,
நீங்கள் எதை வைத்துச் சுடுவீர்கள் என்று.
பதினோராயிரம் முறை கயிறிழுத்திருக்கிறேன்.
கையில் பிடித்து ஒரு தடவைகூட இல்லை.
சிரித்தார். நம்பினாரா, தெரியாது.

நாலு மணிக்கு ஃப்ராவ் ப்ரென்ட்ஸிங்கர் எட்டிப்பார்த்தார்.
ஓஸ்வால்டுக்கு மறுபடி முதுகுவலியாம்.
அவன் அறையையும் நானே பார்த்துக்கொள்ள முடியுமா,
இந்த மாதம் முழுக்க?
"ஈஸ்டருக்குச் சமாளித்தாயே. கிறிஸ்துமஸுக்கும்."

இடுக்கியில் அடுத்தது ஏற்கெனவே பூட்டியிருந்தது.
கயிறு என் விரலில் இருந்தது.
"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்," என்றேன்,
"கதவு இன்னும் சாத்தவில்லை."